குடிநோயிலிருந்து மீட்சி: திருச்சபைகளின் ஆதரவுக் குழுக்கள்

(சமூக நலப் பணி பயிலும் மாணவர்களுக்கும் துறை அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)

குடிப்பழக்கமும் போதைப் பொருட் பழக்கமும் தனி மனிதரின் ஒழுக்கக் கேடு என்று மட்டுமே கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அவை சிகிச்சைக்குரிய நோய்கள் என மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயினும் நோயுற்றோரின் எண்ணிக்கைக்கும் சிகிச்சை பெறுவோரின் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள இடைவெளி மிகப் பெரிது. புது டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசிய போதை மருந்துச் சிகிச்சை மையம், சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய நாடு தழுவிய ஆய்வின் அறிக்கை 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. 10 வயது முதல் 75 வயது வரையிலான மக்களில் 14.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவோர் என்று அது கண்டது. அவர்களுள் மதுவுக்கு அடிமையானோர் சுமார் 2.9 கோடிப் பேர். இவ்வாறு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு வகை உதவி பெற்றதாகவும், 180 பேருக்கு ஒருவர் மட்டுமே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதாகவும் அவ்வறிக்கை கூறுகிறது.

இந்த இடைவெளியை மருத்துவமனைகளைக் கட்டி மட்டும் நிரப்ப இயலாது. எனவே, மக்களிடையே ஏற்கனவே வேரூன்றியுள்ள அமைப்புகள் இப்பணியில் எந்த அளவு துணை நிற்கக் கூடும் என்பது திட்டமிடுவோர் ஆராய வேண்டிய வினாவாகும். அத்தகைய அமைப்புகளுள் ஒன்று திருச்சபை. கிறிஸ்தவர்கள் பெருவாரியாக வாழும் வடகிழக்கு மாநிலங்களிலும், மும்பை போன்ற நகரங்களிலும் திருச்சபைகளைச் சார்ந்து இயங்கும் ஆதரவுக் குழுக்களின் அனுபவம் இங்கு ஆராயப்படுகிறது. இக்குழுக்களின் நன்மைகளோடு குறைகளும் எடுத்துரைக்கப்படுகின்றன.

சிகிச்சைக்குப் பின் வரும் காலம்

குடியை நிறுத்துவது வேறு. நிறுத்திய நிலையிலேயே வாழ்வது வேறு. நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது முதல் நாளிலேயே கை நடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் புத்தி தடுமாறி, இல்லாதவற்றைக் காணும் ஆபத்தான நிலையும் நேரலாம். இக்கட்டத்தில் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. ஆனால் இது ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் கடந்து விடும்.

அதன் பின் வருவதே கடினமான காலம். ஒரு தச்சுத் தொழிலாளி சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார் எனக் கொள்க. கூலி பெறும் சனிக்கிழமை மாலையும், உடன் குடித்த நண்பர்களும், கடனும், நம்பிக்கை இழந்த மனைவியும் அவருக்காகக் காத்திருக்கின்றனர். உடலில் மது இல்லையேயன்றி, மதுவை நோக்கி இட்டுச் சென்ற வழிகள் யாவும் முன்போலவே திறந்திருக்கின்றன. மருத்துவர் அவரை மாதம் ஒரு முறை காணலாம். எஞ்சிய நாட்களின் மாலைப் பொழுதுகளை அவர் எங்கே கழிப்பார்? ஆதரவுக் குழுக்கள் விடையளிக்க முற்படுவது இவ்வினாவுக்கே.

குழுக்களின் தோற்றம்

மதுவால் நலிந்தோரை ஒன்றுசேர்த்து மீட்கும் முயற்சி கிறிஸ்தவ உலகில் புதியதன்று. 1877ஆம் ஆண்டிலேயே ஜெனீவா நகரில் லூயி லூசியன் ரோஷா என்னும் போதகர் நீலச் சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் இன்றைய குழுக்களுக்குப் பெரிதும் முன்மாதிரியாக அமைந்தது, அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935ஆம் ஆண்டு உருவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கமாகும். பங்குச் சந்தைத் தொழிலில் ஈடுபட்டிருந்த பில் வில்சனும், அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் இதன் நிறுவனர்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளர் மற்றொரு குடிநோயாளருக்கு உதவும்போது இருவருமே குடியிலிருந்து விலகி நிற்க முடிகிறது என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இவர்கள் இருவரும் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கத்துடன் தொடர்பு கொண்டிருந்தனர். நியூயார்க்கின் கல்வாரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் குருவான சாமுவேல் ஷூமேக்கரின் போதனையும் வில்சனுக்கு வழிகாட்டியது. தன் இயலாமையை ஒப்புக்கொள்ளுதல், தன் குறைகளைக் கணக்கெடுத்தல், அவற்றை மற்றொருவரிடம் அறிக்கையிடுதல், தீங்கிழைக்கப்பட்டோரிடம் ஈடு செய்தல், தான் பெற்ற நலத்தைப் பிறருக்கு எடுத்துச் செல்லுதல் ஆகிய கூறுகள் அங்கிருந்து வந்தவையே. 1939ஆம் ஆண்டளவில் இவ்வியக்கம் ஆக்ஸ்போர்டு குழுவிலிருந்து முற்றிலும் பிரிந்து, எச்சமயத்தாரும் சேரத்தக்க பொது அமைப்பாயிற்று. இந்தியாவில் இதன் பணி 1957ஆம் ஆண்டு தொடங்கியது. சமயச் சார்பற்றதாயினும் இதன் கூட்டங்கள் பல நகரங்களில் ஆலய மண்டபங்களிலும் கிறிஸ்தவப் பள்ளி அறைகளிலும் நடைபெற்று வந்துள்ளன.

இதற்கு மாறாக, சமய அடிப்படையை வெளிப்படையாக ஏற்கும் குழுக்களும் பின்னர் தோன்றின. கலிபோர்னியாவின் சாடில்பேக் திருச்சபையில் 1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம், இயேசுவின் மலைப் பிரசங்கத்தை அடிப்படையாகக் கொண்டு எட்டு நெறிகளை வகுத்தது. அது மது மட்டுமன்றிப் பிற தீய பழக்கங்களிலிருந்து விடுபட விழைவோரையும் சேர்த்துக்கொண்டது.

வடகிழக்கின் அனுபவம்

இந்திய நாட்டில் இப்பொருளை ஆராய்வோர் வடகிழக்கு மாநிலங்களைத் தவிர்க்க இயலாது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நாகாலாந்தில் சுமார் 88 சதவீதத்தினரும், மிசோரமில் சுமார் 87 சதவீதத்தினரும், மேகாலயாவில் சுமார் 75 சதவீதத்தினரும் கிறிஸ்தவர்கள். மணிப்பூரில் இவ்விகிதம் சுமார் 41 சதவீதம்.

மிசோ மக்களின் பழைய வாழ்வில் 'சூ' எனப்படும் அரிசி மது விருந்திலும் திருமணத்திலும் வழிபாட்டிலும் இடம் பெற்றிருந்தது. 1894ஆம் ஆண்டு லொரெயின், சாவிட்ஜ் ஆகிய மிஷனரிமார் ஐசால் வந்தடைந்தனர். அதன் பின் பரவிய கிறிஸ்தவ நெறியில் 'சூ'வை விலக்குதல் விசுவாசியின் அடையாளமாகவே ஆயிற்று. நாகர்களிடையேயும் பாப்டிஸ்ட் மிஷன் அரிசி மதுவை விலக்குமாறு வற்புறுத்தியது. இவ்வரலாற்றின் தொடர்ச்சியாக, திருச்சபைகளின் இடைவிடாத கோரிக்கையின் பேரில் நாகாலாந்து 1989ஆம் ஆண்டிலும், மிசோரம் 1995ஆம் ஆண்டிலும் முழு மதுவிலக்குச் சட்டங்களை இயற்றின. மிசோரம் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதனைத் தளர்த்தி, 2019ஆம் ஆண்டில் மீண்டும் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

சட்டம் மதுக்கடைகளை மூடிற்று. ஆனால் பழக்கத்தை ஒழிக்கவில்லை. அண்டை மாநிலங்களிலிருந்து கள்ளத்தனமாக மது வந்தது. அதைவிடக் கொடிய இடர் கிழக்கு எல்லையிலிருந்து நுழைந்தது. 1980களில் மியான்மர் வழியாக வந்த ஹெராயின் இப்பகுதியின் இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. மிசோரமில் வலி நீக்கும் மாத்திரை உறைகளைப் பிரித்து, மருந்தைக் கரைத்து ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் பரவியது. இவ்வாறு ஏற்றிக்கொண்டோர் கை கால்களில் ஆறாப் புண்களுடன் மருத்துவமனைகளை நாடினர். ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் எய்ட்ஸ் கிருமியும் பரவிற்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் இக்கிருமித் தொற்றின் அளவு நாடு முழுவதற்கும் 0.22 சதவீதமாக இருக்க, மிசோரமில் 2.32 சதவீதமாகவும், நாகாலாந்தில் 1.45 சதவீதமாகவும், மணிப்பூரில் 1.18 சதவீதமாகவும் இருந்தது.

இத்துன்பம் திருச்சபையின் வாயிலுக்கே வந்தது. நோயுற்றோர் திருச்சபைக் குடும்பங்களின் பிள்ளைகள். ஞாயிறு பள்ளியில் பயின்றவர்கள். பாடற் குழுவில் பாடியவர்கள். அவர்களை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தி விலக்கி வைப்பதா, அன்றி அழைத்து ஆதரிப்பதா என்னும் வினா ஒவ்வொரு சபையிலும் எழுந்தது. சில சபைகள் இரண்டையும் ஒருங்கே செய்ய முயன்றன. மீட்பு இல்லங்களும் நற்செய்தி முகாம்களும் தோன்றின. பிறர் நலத்துக்காகத் தன்னலம் துறந்து பணியாற்ற வேண்டும் என்பதை மிசோ மக்கள் 'த்லாம்ங்ஐனா' என்னும் பண்பாகப் போற்றி வருகின்றனர். இளைஞர் சங்கங்களும் மாதர் ஐக்கியங்களும் நோயுற்றோர் இல்லங்களுக்குச் சென்று பணி புரிவதற்கு இப்பண்பு அடித்தளமாயிற்று.

பாந்திராவில் தோன்றிய பணி

மும்பையின் அனுபவம் வேறு வகையானது. பாந்திராவில் உள்ள மவுண்ட் கார்மல் ஆலயத்தைச் சார்ந்து, கத்தோலிக்கக் குருவான ஜோ பெரேரா 1981ஆம் ஆண்டு கிருபா அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர் தாமே குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர் என்பதைப் பலர் அறிய எடுத்துரைத்தவர், யோகாசிரியர் பி.கே.எஸ். அய்யங்காரிடம் பயின்றவர். பன்னிரண்டு படிகளைக் கொண்ட மீட்பு நெறியுடன் யோகாசனத்தையும் தியானத்தையும் இணைத்து ஒரு முறையை அவர் வகுத்தார். இவ்வமைப்பு பின்னர் நாகாலாந்து உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. 2009ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆலய வளாகத்தில் பிறந்த பணியாயினும் எச்சமயத்தாரும் அங்கு இடம் பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தன் நம்பிக்கையை மறைக்காமலும் பிறர் மீது திணிக்காமலும் ஒரு சமய அமைப்பு பொதுப் பணி ஆற்றக் கூடும் என்பதற்கு இது சான்று.

குழு இயங்கும் முறை

ஆதரவுக் குழு எளிய அமைப்புடையது. ஆலயத்தின் ஓர் அறை, வட்டமாக இடப்பட்ட சில நாற்காலிகள், வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த நேரம் ஆகியவையே அதன் மூலதனம். பெரும்பாலும் மாலை நேரமே தேர்ந்தெடுக்கப்படுகிறது. முன்பு குடிப்பதற்குச் சென்ற அதே நேரத்தில் செல்வதற்கு வேறோர் இடம் கிடைக்கிறது என்பதே இதன் முதற் பயன்.

ஒரு சிறு ஜெபத்துடன் கூட்டம் தொடங்குகிறது. ஒவ்வொருவரும் தம் வாரம் எவ்வாறு கழிந்தது என்று கூறுகின்றனர். ஒருவர் பேசும்போது பிறர் குறுக்கிடுவதில்லை. அறிவுரை கூறுவதும் இல்லை. வீட்டிலும் சபையிலும் அறிவுரையை அளவின்றிக் கேட்டவர்களுக்கு, கண்டனமின்றிக் கேட்கும் செவிகள் கிடைப்பது புதிய அனுபவமாகும். பேசப்பட்டவை அறையை விட்டு வெளியே செல்லலாகாது என்பது கண்டிப்பான விதி. புதிதாக வருபவருக்கு, சில ஆண்டுகளாக மதுவின்றி வாழும் ஒருவர் துணையாளராக அமைகிறார். குடிக்கத் தூண்டும் வேளையில் எந்நேரமும் அத்துணையாளரை அழைக்கலாம். வாழ்நாள் முழுவதும் குடிப்பதில்லை என்னும் பெரிய சபதத்துக்கு மாறாக, இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்னும் சிறிய தீர்மானமே வலியுறுத்தப்படுகிறது.

மனைவி மக்களுக்கெனத் தனிக் கூட்டமும் சில இடங்களில் உண்டு. குடித்தவருக்காகப் பொய் சொல்லியும் கடன் அடைத்தும் பழகிய குடும்பம், எவ்வளவு உதவ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அங்குக் கற்கிறது.

இவற்றோடு திருச்சபைக்கே உரிய சில வலிமைகளும் சேர்கின்றன. குற்ற உணர்வால் நொந்தவருக்கு மன்னிப்பு என்னும் செய்தி அவரது தாய்மொழி போன்று பழக்கமானது. வேலை இழந்தவருக்குச் சபையினரே வேலை தேடித் தர முடியும். மீண்டவர் பாடற் குழுவுக்கும் சபைப் பணிக்கும் திரும்பும்போது ஊரார் முன்னிலையில் இழந்த மதிப்பு மீள்கிறது. சிறு விஷயங்களிலும் கவனம் தேவை. இராப்போஜனத்தில் புளித்த திராட்சை மது வழங்கப்பட்டால் மீண்டவருக்கு அது சோதனையாகும். பல புராட்டஸ்தாந்து சபைகளில் புளிக்காத திராட்சை இரசமே வழங்கப்படுகிறது.

எண்ணிப் பார்க்க வேண்டிய குறைகள்

இக்குழுக்களின் பயன் பற்றிய ஆய்வுகளை நிதானத்துடன் மதிப்பிட வேண்டும். பன்னிரண்டு படிகள் முறை குறித்த 27 ஆய்வுகளைத் தொகுத்து கோக்ரேன் அமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு, மதுவை இடைவிடாது விலக்குவதில் அம்முறை பிற உளவியல் சிகிச்சைகளை விடச் சிறந்த பலன் தந்ததாகக் கூறியது. ஆனால் அவ்வாய்வுகள் முறையாக வகுக்கப்பட்ட திட்டங்களைப் பற்றியவை. மதுவைப் பற்றிய அம்முடிவை ஹெராயினுக்கோ, ஒவ்வொரு ஜெப முகாமுக்கோ அப்படியே பொருத்திவிடலாகாது.

முதலாவது இடர், மருந்தைப் புறக்கணிப்பது. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கூறும் முகாம்கள் உண்டு. கடும் விலகல் அறிகுறிகளுடன் வருபவரை மருத்துவரிடம் அனுப்பாது வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து. ஹெராயின் பழக்கமுடையோர்க்கு இது மேலும் பொருந்தும். சில மாதங்கள் முகாமில் விலகியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அவர் வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்று மரணம் நேரலாம். ஊசி மூலம் போதை ஏற்றுவோர்க்கு புப்ரெனார்பின் என்னும் மாற்று மருந்து வழங்கும் திட்டத்தைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மூன்றாம் கட்டப் பணியில் ஏற்றுக்கொண்டது. இம்மருந்தை உட்கொள்பவரை இன்னும் மீளாதவர் என்று குழுவிலிருந்து ஒதுக்குவது அவரை மீண்டும் தெருவுக்கு அனுப்புவதாகும்.

இரண்டாவது இடர், வற்புறுத்தல். குடும்பத்தார் வேண்டுகோளின் பேரில் ஒருவரை விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பதைப் பக்தியின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் ஆகியவற்றால் விளையும் மனநிலைகளையும் தன் வரம்பில் கொண்டுள்ளது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கிறது.

மூன்றாவது இடர், அவமானம். மதுவிலக்கு நெறியாக நிலவும் சமூகத்தில் குடிப்பதை ஒப்புக்கொள்வதே பெரும் தண்டனையாகிவிடுகிறது. சிற்றூரில் ஒருவர் ஆலயத்தின் எந்த அறைக்குள் எந்த மாலையில் நுழைகிறார் என்பதை அனைவரும் அறிவர். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் மூப்பரே குழுவையும் நடத்தினால் எவரும் உண்மை பேசத் துணியார். பெண்களின் நிலை இன்னும் கடினம். ஆண் குடித்தால் அனுதாபம் கொள்ளும் ஊர், பெண் குடித்தால் பழி தூற்றுகிறது. ஆதலால் சிகிச்சை நாடும் பெண்கள் மிகச் சிலரே. பெண்களே நடத்தும் தனிக் கூட்டங்களும், ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து பிரிக்கப்பட்ட ஆதரவுப் பணியும் இதற்குத் தீர்வாகும். மீண்டவர் மறுபடியும் குடித்துவிட்டால் அதனைத் துரோகமாகக் கருதாது, நோயின் இயல்பாகக் கொண்டு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பதே குழுவின் கடமை. நாற்காலி அவருக்காகக் காத்திருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

அரசும் குழுக்களும்

மதுவையும் போதைப் பொருட்களையும் மருத்துவத் தேவைக்கன்றி நுகர்வதைத் தடுக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 47ஆவது விதி அரசைப் பணிக்கிறது. 1985-86 முதல் மத்திய அரசு தன்னார்வ நிறுவனங்களின் மீட்பு மையங்களுக்கு நிதி உதவி வழங்கி வந்துள்ளது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் 272 மாவட்டங்களில் போதையற்ற பாரத இயக்கம் தொடங்கப்பட்டது. சமய அமைப்புகளும் இவ்வியக்கத்தில் பங்கேற்க அழைக்கப்பட்டன.

அதே சமயம், ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என 27ஆவது விதி கூறுகிறது. ஆகவே அரசு நிதி, சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் உரியது, ஜெபத்துக்கு உரியதன்று. உண்மையில் ஆதரவுக் குழுக்களுக்குப் பணம் அதிகம் தேவைப்படுவதில்லை. அவற்றுக்குத் தேவைப்படுவது மருத்துவத் துறையுடன் ஒழுங்கான தொடர்பாகும்.

மாவட்ட அலுவலர் செய்யக்கூடியவை எளியவை. தம் பகுதியில் எக்குழு எந்நாளில் கூடுகிறது என்னும் பட்டியலை, சமயச் சார்புடையவை, சார்பற்றவை என்று பிரித்து மருத்துவமனையில் வைக்கலாம். சிகிச்சை முடிந்து செல்பவர் தம் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். குழுத் தலைவர்களுக்கும் போதகர்களுக்கும் வலிப்பு, புத்தித் தடுமாற்றம், அளவு மீறிய போதை ஆகியவற்றின் அறிகுறிகளை ஒரு நாள் பயிற்சியில் கற்பிக்கலாம். தங்கிச் சிகிச்சை பெறும் இல்லங்கள் சட்டப்படி பதிவு பெற்றுள்ளனவா, அங்கு மருத்துவர் வந்து செல்கிறாரா, விரும்பியவர் வெளியேற முடிகிறதா என்பவற்றை ஆய்வு செய்யலாம். 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்ளலாம்.

ஆய்வு மாணவர்களுக்கும் இத்துறையில் பணி உண்டு. ஒரு குழுவில் சேர்ந்தோரில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் வருகின்றனர், வராதவர் ஏன் நின்றனர், அவர்களது குடும்ப வருவாயில் என்ன மாற்றம் ஏற்பட்டது என்பவற்றைப் பெயர் வெளியிடாது பதிவு செய்தால், எதிர்காலத் திட்டங்களுக்கு உறுதியான அடிப்படை கிடைக்கும்.

மருத்துவமனை உடலைத் தெளிய வைக்கிறது. சட்டம் கடையை மூடுகிறது. கூலி பெற்ற சனிக்கிழமை மாலையில் அத்தச்சுத் தொழிலாளி எத்திசையில் நடக்கிறார் என்பதை இவ்விரண்டும் தீர்மானிப்பதில்லை. அவர் செல்லத்தக்க ஓர் அறை விளக்கேற்றித் திறந்திருக்குமாறு செய்வது சமூகத்தின் பொறுப்பு. அவ்வறையில் இருப்போர் மருத்துவரின் சொல்லையும் மதிக்குமாறு செய்வது அலுவலர்களின் பொறுப்பாகும்.